கூரைக்கு வந்த ஆள்

கூரை ஒழுகியது ஒரே ஒரு இடத்தில்தான். ஆனால் அது லியாண்டர் படுக்கும் பக்கம்.

லியாண்டர் போய் நான்கு மாதமாகிவிட்டது; அவர் நனைந்துவிடுவாரே என்று கவலைப்பட இடமில்லை. இருந்தாலும் மழை தூறத் தொடங்கியதும் டல்சி பென்னி அவருடைய தலையணையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அவர் தலை இருக்கிற இடத்தில் ஒரு சட்டியை வைப்பாள். சொட்டு, சொட்டு என்று அது பேசிக்கொண்டே இருக்கும். நாற்பத்தொரு வருஷக் குறட்டைக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இந்தச் சத்தமாவது வருகிறதே என்று அவள் அதைச் சகித்துக்கொண்டாள்.

மகள் கோரின் சகித்துக்கொள்ளவில்லை. நாட்டின் மறுகோடியிலிருக்கும் ஆல்பர்ட்டாவிலிருந்து ஞாயிறுதோறும் தொலைபேசியில் வந்துவிடுவாள்.

"அம்மா, கல்லறையில வெச்சு என்கிட்ட என்ன சொன்னே?"

"பனி விழறதுக்குள்ள கூரையை மாத்திடறேன்னு சொன்னேன்."

"இல்லேன்னா?"

"வீட்டை வித்துட்டு உன்கூட வந்து இருக்கேன்னு சொன்னேன். பிப்ரவரிக் குளிர்ல நின்னுக்கிட்டு மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னது. அதெல்லாம் சேர்த்தியா?"

"சேர்த்திதான். அப்பா பதினோரு வருஷமா 'இந்தக் கோடைக்குப் போட்டுடலாம்'னே சொல்லிக்கிட்டிருந்தாரு. நீயும் ஆரம்பிக்காதே. ஆளைக் கூப்பிடு."

டல்சி கூப்பிட்டாள். பக்கத்து ஊர் மரக்கடையில் "ஆள் வருவார்" என்றார்கள். ஸ்கிஃப் கோவ் என்ற அந்த நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடித் துறையில் அதற்கு இந்த வாரம் என்றும் அர்த்தம் உண்டு, அடுத்த பிரதமர் காலத்தில் என்றும் அர்த்தம் உண்டு. எந்த ஆள், எப்போது என்றெல்லாம் துருவிக் கேட்பது மரியாதையில்லை.

ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை, முன்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

அந்தத் துறையில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் "இருக்கியா?" என்று கேட்பார்கள். முன்கதவு மணப்பெண்ணுக்கும் சவப்பெட்டிக்கும் மட்டும். மற்ற நாட்களில் உப்புக் காற்றில் உப்பி, பெயிண்ட் ஒட்டிப்போய், சுவரோடு சுவராக நிற்கும். அதைத் தட்டுகிறவர் ஒன்று போலீஸ்காரர், இல்லாவிட்டால் வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்.

டல்சி ஜன்னலை உயர்த்தித் தலையை நீட்டினாள். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க நெட்டையான ஒரு மனிதர் நின்றிருந்தார். துடைத்து வைத்தது போன்ற ஷூ. கையில் மடித்த காகிதம்.

"மிஸஸ் பென்னி வீடு..."

"இதேதான். ஏன் இவ்வளவு தாமதம்? ஏணி பின்னால கொட்டகையில இருக்கு. ஒழுகறது புகைக்கூண்டுக்கு இந்தப் பக்கம். மழை வர்றதுக்குள்ள ஏறிப் பாத்துடுங்க, நான் டீ போடறேன்."

அவர் வாயைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த டல்சியின் முகத்தைப் பார்த்தார். பிறகு காகிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு ஏணியைத் தேடிப் போனார்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படிக்கு ஏறினார். நிதானமான வேலைக்காரர் என்று டல்சி நினைத்துக்கொண்டாள். லியாண்டர் வாயில் சிகரெட்டோடு ஓடியே ஏறுவார். தோள்பட்டை எலும்பை இரண்டு முறை உடைத்துக்கொண்டதும் அப்படித்தான்.

இறங்கி வந்தவர் முகம் மாவு பூசியது போல இருந்தது. சமையலறையில் அடுப்போரம் இருந்த நாற்காலியைத் தொட்டு, "இது..." என்றார்.

"அது லியாண்டரோடது."

சட்டென்று கையை எடுத்துக்கொண்டு விறகுப் பெட்டி மேல் போய் உட்கார்ந்தார். மேஜையில் மூன்று கோப்பைகள் இருந்தன. பழக்கதோஷம். டல்சி ஒன்றை எடுத்து உள்ளே வைக்கப் போனாள். "இருக்கட்டும்" என்றார் அவர்.

பெயர் ஆம்புரோஸ் கீப்பிங். டொரண்டோவில் முப்பது வருஷம் உள் வேலையாகவே பார்த்தாராம்.

"உள் வேலைன்னா? பரண்ல கண்ணாடிப் பஞ்சு விரிக்கறதா? குளிர் தாங்கறதுக்கு?"

டீ சுட்டதோ என்னவோ, அவருக்கு இருமல் வந்தது. இருமலை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவர் கேட்ட கேள்விகள்தான் விசித்திரமாக இருந்தன. காலை வெயில் சமையலறைக்கு வருமா? கோடையில் கிணறு வற்றுமா? அடுப்புப் புகை நன்றாக ஏறுகிறதா? கூரைக்கு வந்தவனுக்குக் கிணறு எதற்கு என்று லியாண்டராக இருந்தால் கேட்டிருப்பார். நகரத்து வேலைக்காரர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டல்சி பதில் சொன்னாள். கிணற்றைப் பற்றிச் சொன்னால் அதை லியாண்டர் தோண்டின கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவர் அதில் விழுந்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் போய்விட்டது. கீப்பிங்கின் டீ ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது.

"இந்த வீட்டுலயே இருக்கணும்னு ஆசைப்படறீங்க" என்றார் கடைசியில்.

"ஆசையா? வேற எங்க இருக்கறதுன்னு எனக்குத் தெரியாதே. பனிக்குள்ள கூரை நிக்கலைன்னா என் மக கூட்டிட்டுப் போயிடுவா. வாக்குக் கொடுத்துட்டேன்."

அவர் ஷூவையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ கூரையை முதல்ல கவனிப்போம்" என்றார்.

அந்த ஞாயிறு கோரின் கேட்டாள்: "யாராவது வந்தாங்களாம்மா?"

"வந்தாரு. ரொம்ப நல்ல மனுஷன். நாளைக்கும் வர்றாரு."

கீப்பிங் முதலில் தார் பூசினார். புகைக்கூண்டைச் சுற்றி, அதன் மேல், தன் கால்சட்டையில், எங்கெங்கோ பூசினார். அடுத்த மழையில் படுக்கையறையில் ஒழுகியது போலவே ஒழுகியது. கூடவே முன்னறையிலும் ஒழுகியது.

பக்கத்து வீட்டு மெல்வினா சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "ஏண்டி டல்சி, போன வாரம் ஒரு சட்டி, இந்த வாரம் ரெண்டு. உன் ஆளு ஓட்டையை அடைக்கறாரா, விதைக்கறாரா?"

"பாவம்டி. அவர் பஞ்சு வைக்கறவரு. தார் அவரோட வேலை இல்லை."

"பின்னே யாரோட வேலையாம்?"

இரண்டாவதாகப் பீலி. கூரை விளிம்பில் நீளமாகத் தகரக் கால்வாய் மாதிரி மாட்டி, மழைத்தண்ணீரை ஒரு மூலைக்குக் கொண்டுபோய் இறக்கும் சமாச்சாரம். ஸ்கிஃப் கோவ் துறையில் ஒரு வீட்டிலும் கிடையாது.

"பீலியா? இங்கயா?" என்றாள் மெல்வினா. "அடிக்கற காத்துக்கு என் பல்செட்டே நிக்க மாட்டேங்குது."

"பீலி இல்லாட்டி சுவத்துல ஓதம் ஏறும்னு புத்தகத்துல போட்டிருக்குங்க" என்றார் கீப்பிங்.

"புத்தகம் பாத்தா கூரை வேலை செய்யறீங்க?"

"புதுசா என்ன வந்திருக்குன்னு..."

நான்கு நாள் அளந்து, நூல் கட்டி, பழுப்பு நிறப் பீலியை மாட்டினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சரிவு மட்டும் தலைகீழாகப் போய்விட்டது. கூரையில் விழுந்த தண்ணீர் முழுவதும் வெளிமூலைக்குப் போகாமல் சமையலறைக் கதவுக்கு நேர் மேலே வந்து கொட்டியது. மழை நாளில் அந்த வீட்டுக்குள் காய்ந்த தலையோடு யாரும் வந்துவிட முடியாது. விசாரிக்க வந்த பாதிரியார் கழுத்துப் பட்டையைப் பிழிந்துகொண்டே, இத்தனை வருஷ ஊழியத்தில் தனக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுத்ததில்லை என்றார்.

கீப்பிங் அவமானத்தில் ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் டல்சி ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். கூரைக் கவலை என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எட்டாம் நாள் அவர் மூட்டை மூட்டையாக ரோஜா நிறக் கண்ணாடிப் பஞ்சோடு வந்து இறங்கினார்.

"இது உங்க வேலை. இதுல தப்பாது" என்றாள் டல்சி.

அவர் பரணில் ஏறினார். டல்சி கீழேயிருந்து மூட்டைகளைப் பிரித்துக் கொடுத்தாள். கையுறை போட வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்து சொறிந்தார்கள்.

"டொரண்டோவிலயும் இப்படித்தான் அரிக்குமா?"

"அங்கே... அங்கே இவ்வளவு அரிக்கலை."

ஒரு இடுக்கு விடாமல், கூரையோரம் காற்றுப் போக விட்டிருந்த சந்துகளிலும் பஞ்சை நெருக்கி அடைத்திருந்தார். செப்டம்பர் குளிர் வந்தது. உள்ளே ஏறிய ஆவிக்கு வெளியே போக வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை உப்பு மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் டர்னிப்பும் ஒரே பானையில் கொதித்தபோது வீட்டு மச்சு முழுவதும் வியர்த்துக் கொட்டியது. வெளியே நல்ல வெயில், உள்ளே மழை. முட்டைக்கோசு வாசனையோடு மழை.

"சட்டி எத்தனை ஆச்சு?" என்றாள் மெல்வினா, குடையை மடிக்காமலே உட்கார்ந்துகொண்டு.

"எண்ணலை. என்கிட்ட இருந்தது தீர்ந்து போச்சு. உன்னோட பாத்திரம் ரெண்டு கொடேன்."

கடைசியில் கூரையையே மாற்றுவது என்று முடிவாயிற்று. கீப்பிங் நகரத்திலிருந்து இரண்டு மாதிரி வாங்கி வந்து மேஜையில் வைத்தார். ஒன்று தாரும் மணலும் ஒட்டிய பச்சை அட்டை ஓடு. இன்னொன்று சிவப்புத் தகரம்.

டல்சி இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். அந்த இரண்டுக்கும் நடுவில் பதினோரு வருஷச் சண்டை இருந்தது. லியாண்டர் பச்சை ஓட்டுக் கட்சி. டல்சிக்குச் சிவப்புத் தகரம். மழை விழுந்தால் அது பாடும் என்று அவளுக்கு எண்ணம். "மாட்டுக்கொட்டகையில படுத்த மாதிரி இருக்கும்" என்பார் அவர். "நீங்க பக்கத்துல படுத்தா எந்த வீடும் அப்படித்தான்" என்பாள் அவள். கூரை அப்படியே கிடக்கும். சண்டை முடிந்தால் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்பது இருவருக்குமே தெரியும்.

இப்போது மறுத்துப் பேச ஆளில்லை. பச்சை ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சண்டைகளைக் கீப்பிங்கிடம் சொல்லிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு எது பிடிக்குதோ அதையே போட்டுடலாம்" என்றார் கீப்பிங்.

"அதான் சங்கடம். அவர் வேண்டாம்னு சொன்னாத்தான் எனக்கு எது வேணும்னு தெரியும்."

கீப்பிங் விறகுப் பெட்டியிலிருந்து எழுந்தார். ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பினார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "தகரம் வேண்டவே வேண்டாம்" என்றார். "சத்தம் தாங்காது. மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கும்."

"சிவப்புத் தகரம்தான் போடணும்!" என்றாள் டல்சி பட்டென்று. சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்புக்கு விறகு வைத்தாள். அடுப்பில் விறகு நிறையவே இருந்தது.

தகரம் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மதியம், மாவுப் பணியாரத்தின் மேல் வெல்லப்பாகை ஊற்றிக் கொடுத்தபோது, கீப்பிங் தட்டைக் கீழே வைத்தார்.

"மிஸஸ் பென்னி, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு... எனக்கு இந்த வேலை..."

"சரியா வரலை. அதானே?"

"அது இல்லை. அதாவது, அதுவும்தான்."

"எனக்குக் கண்ணு இருக்கு கீப்பிங். பீலியை நான் பாக்கலையா? எங்க வீட்டுக்காரர் பதினோரு வருஷம் இந்தக் கூரைக்குன்னு ஏணியைத் தொடலை. நீங்க பயந்துகிட்டே தினமும் ஏறறீங்க. சாப்பிடுங்க, ஆறிடும்."

அவர் சாப்பிட்டார்.

அக்டோபர் முதல் வாரம், ஒரு சாயங்காலம் மழை வந்தது. முதலில் ஒரு தகரத்தில், பிறகு எல்லாத் தகரத்திலும். டல்சி கெட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் நினைத்திருந்ததைவிடவும் நன்றாகப் பாடியது. பெரிய படகு நிறைய மீனைக் கொட்டுவது போல, கைதட்டுவது போல, இன்னும் எது எதுவோ போல.

"கேட்டீங்களா?" என்றாள், அடுப்போரத்து நாற்காலியைப் பார்த்து.

நாற்காலி சும்மா இருந்தது. கெட்டில் கையில் கனத்தது.

"மாட்டுக்கொட்டகையேதான்" என்றது விறகுப் பெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குரல், ஷூவைப் பார்த்துக்கொண்டே.

பிப்ரவரிக்குப் பிறகு டல்சி அன்றுதான் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது, மற்றது எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கீப்பிங் தலையைத் தூக்காமல் இருந்தார். அதற்கு அவள் நன்றியோடு இருந்தாள்.

ஐந்து நாள் கழித்துக் காற்று வந்தது. தகரத்துக்கு ஒன்று விட்டு ஒன்றாகத்தான் ஆணி அடித்திருந்தார் கீப்பிங். தகரம் வலிக்குமே என்று பார்த்தாரோ என்னவோ. காலையில் எழுந்து பார்த்தால் கடல் பக்கத்துக் கூரை பாதி மொட்டையாக இருந்தது. பீலி மட்டும் ஒரு இம்மி அசையவில்லை.

மெல்வினா வந்தாள். "உன் கூரை என் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு. ரெண்டு தகரம் கோழிக்கூண்டு மேல. ஒண்ணு நேரா வாசல்ல வந்து நிக்குது, உள்ளே கூப்பிடவா?"

ரேடியோவில் நியூஃபவுண்ட்லாந்தின் கிழக்குக் கரைக்கு வியாழக்கிழமை பனி என்று சொன்னார்கள். அதை ஆல்பர்ட்டாவிலும் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமையே தொலைபேசி அடித்தது.

"அம்மா, வியாழன் பனி. கூரை இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

"நம்ம வீட்டு மேல இருக்கா?"

"பாதி மெல்வினா வீட்டுல இருக்கு."

அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு. "போதும்மா. அந்தச் சட்டிகளுக்கு நடுவுல நீ தனியா படுத்திருக்கறதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. வெள்ளிக்கிழமை வர்றேன். துணிமணியை எடுத்து வை. நீ வாக்குக் கொடுத்திருக்கே."

டல்சி பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் திறந்து வைத்தாள். லியாண்டரின் தலையணையை உள்ளே வைத்தாள். பெட்டி நிறைந்துவிட்டது. அதற்கு மேல் என்ன எடுத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை, கீப்பிங் கூரை முகட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டுக் குதிரை ஏறியது போல் உட்கார்ந்து, ஒரு தகரத்தைக் கயிற்றால் புகைக்கூண்டோடு கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. நாற்பது வயதுக்காரன் ஒருவன் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். பீலி அவன் தலையில் பனித்தூறலை ஒரு வாளி கொட்டியிருந்தது.

"டல்சி அத்தை, இருக்கியா? நான் கார்ஃபீல்டு, கடையிலிருந்து. கோவிச்சுக்காதே. மே மாசம் லாப்ரடார்ல ஒரு வேலைன்னு போனவன், நேத்துதான் திரும்பினேன்."

"அதுக்கு என்கிட்ட எதுக்குப்பா மன்னிப்பு?"

"கூரைக்கு ஆள் வருவார்னு கடையில சொன்னாங்கல்ல? அந்த ஆள் நான்தான்."

டல்சி கையிலிருந்த துணியை மெதுவாக மேஜை மேல் வைத்தாள்.

கார்ஃபீல்டு வெளியே போய் அண்ணாந்து பார்த்தான்; டல்சியும் பின்னாலேயே வந்தாள். தொப்பியைக் கழற்றினான். மரியாதைக்காகக் கழற்றினது போலத்தான் இருந்தது. "பீலி மலை ஏறுது. தகரத்துல பாதி ஆணி இல்லை. ஓரத்துச் சந்தெல்லாம் பஞ்சை வெச்சு மூச்சை அடைச்சிருக்கு. அத்தை, எனக்கு இருபது வருஷ அனுபவம். இவ்வளவையும் ஒரே வீட்டுல நான் பாத்ததில்லை."

"பனிக்குள்ள சரியாகுமா? எனக்கு அது ஒண்ணைச் சொல்லு."

"மரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தகரமும் நல்ல தகரம். தப்பாப் பண்ணினாலும் பாவம், மனசாரப் பண்ணியிருக்கான். மேல ஒரு ஆள் பிடிச்சா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மூடிடலாம். பனி விழட்டும், நீ உள்ளே உக்காந்து டீ குடி."

டல்சி வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியிலிருந்து தலையணையை எடுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. பிறகுதான் மற்றது ஓடியது.

"கார்ஃபீல்டு... கூரைக்கு வர வேண்டிய ஆள் நீ."

"ஆமா."

"அப்போ ஜூன் மாசத்திலிருந்து எனக்குக் கூரை போட்டுக்கிட்டிருக்கற அவர் யாரு?"

கார்ஃபீல்டு கண்ணுக்கு மேல் கையை வைத்து முகட்டைப் பார்த்தான்.

"அட, நம்ம கீப்பிங்! எங்க வீட்டு மாடியிலதானே தங்கியிருக்காரு. உங்க கோரின் கொடுத்த விளம்பரத்தைப் பாத்துட்டு இந்த வீட்டை விலைக்கு வாங்கறதுக்குன்னே டொரண்டோவிலிருந்து வந்த மனுஷன், அத்தை. வந்து பாத்த அன்னிக்கே, 'அதை வாங்க முடியாதும்மா, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் இன்னும் அந்த வீட்டுலதான் குடியிருக்காங்க'ன்னு என் சம்சாரத்துக்கிட்டச் சொல்லிட்டாராம்."